போன கோல்கீப்பர்

“இவனைத் திருப்பி எடுக்கேலாது. கதைச்சு முடிஞ்சுது.”

தலைவர் மகேந்திரராஜா கடிதத்தை மேசையில் போட்டார். நோபல் பார்க்கில் புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் வளர்பிறை உதைபந்தாட்டக் கழகத்தின் கமிட்டிக் கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடிதம் எழுதியவன் நித்தியானந்தன். ஏழு வருடம் கழகத்தின் கோல்கீப்பர். இரண்டு வருடங்களுக்கு முன், 1995இல், சீசனின் முதல் மட்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பக்கத்து ஊர் கிரேக்கர்களின் அணிக்குப் போனவன்.

“ரெண்டு வரிதான் எழுதியிருக்கிறார்” என்றார் செயலாளர் சிவனேஸ்வரி. “திரும்பி வர விருப்பமாம். பெஞ்சில இருக்கச் சொன்னாலும் இருப்பாராம்.”

“இருப்பான், இருப்பான். அந்த வருஷ அரையிறுதியில எங்கட பெனால்டியைப் பிடிச்சவன் எல்லே? பிடிச்சுப்போட்டுத் துள்ளினவன்!”

“துள்ளேல்லை. பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிலத்திலயே கிடந்தவர். நான் பாத்தனான்.”

“உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கள்தான்.”

“ஏன் போனவர் எண்டு ஆராவது கேட்டனாங்களோ?”

“நான் கேட்டனான். முகத்துக்கு நேர கேட்டனான். ‘போகவேணும் போல இருக்கு, போறன்’ எண்டான். அண்டையோட அவனோட கதையை விட்டிட்டன்.”

கமிட்டியில் மற்றவர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். இந்த வருடம் கழகத்தில் இரண்டு நல்ல முன்வரிசை ஆட்டக்காரர்களுக்குக் காயம். நித்தியானந்தன் திரும்பி வந்தால் கோல் காக்கும் பக்கமாவது கவலை இராது என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் துணிவில்லை.

மகேந்திரராஜாவே வழி சொன்னார்.

“வரதனைக் கூப்பிடுங்கோ. இவன் விட்டிட்டுப்போன இடத்தை மூண்டு நாளில நிரப்பினவன் அவன். விரல் முறிஞ்சும் கட்டுப்போட்டுக்கொண்டு விளையாடினவன். விசுவாசம் எண்டா அதுதான். அவன் சொல்லட்டும்.”

பயிற்சியில் நின்ற வரதராஜா சேற்றுக் கையுறையோடு உள்ளே வந்தான். இருபத்துநாலு வயது. நாலு வருடங்களுக்கு முன் தனியாளாய் அகதியாக வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குச் சோறு போடுவது கழகத்து வீடுகள்தான்.

விஷயத்தைச் சொன்னார்கள்.

“அண்ணையை எடுங்கோ” என்றான், யோசிக்காமல்.

“உன்ர இடம் போயிடுமடா.”

“போகட்டும் அங்கிள்.”

மகேந்திரராஜா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களோ? இவன்ர குணத்தில காவாசி அவனுக்கு இருந்திருந்தா…”

வரதராஜா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

கையுயர்த்தி வாக்கெடுத்தார்கள். எடுப்பதென்று முடிவானது. ஆனால் மகேந்திரராஜா ஒரு நிபந்தனை வைத்தார்: எல்லா விளையாட்டுக்காரருக்கும் முன்னால் அவன் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

“அவன் மாட்டன் எண்டுவான், பாருங்கோ.”

சிவனேஸ்வரி ரெலிபோன் எடுத்தார். நித்தியானந்தன் ஒரே சொல்லில் பதில் சொன்னான். “ஓம்.”

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். தலைவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். நித்தியானந்தன் முன்னால் வந்தான். முப்பத்துநாலு வயதிலேயே காதோரம் நரைத்திருந்தது. குரல் மட்டும் கோலடியில் நின்று கத்துகிற அதே குரல்.

“முதல் மட்சுக்கு மூண்டு நாள் இருக்கேக்க உங்களை விட்டிட்டுப் போனனான். அது பிழை. அதுக்கு உங்கள் எல்லாரிட்டையும்…”

“நிப்பாட்டுங்கோ அண்ணை!”

வரிசையை விட்டு வரதராஜா வெளியே வந்தான்.

“வரதன், பேசாமல் நில்” என்று நித்தியானந்தன் அதட்டினான். “சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனீ.”

“ரெண்டு வருஷம் பேசாமல் நிண்டாச்சு. எல்லாரும் என்னை விசுவாசி எண்டேக்க எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்தது.”

அவன் தலைவர் பக்கம் திரும்பினான்.

“அங்கிள், அண்டைக்கு அந்தக் கிரேக்க அணி கூப்பிட்டது என்னைத்தான். இவருக்கு மாற்றுக் கோல்கீப்பரா பெஞ்சில இருந்து அலுத்துப்போய், கையெழுத்து வைக்க வெளிக்கிட்டதும் நான்தான். ‘உனக்கு இந்த ஊரில இவங்களை விட்டா ஆரடா இருக்கு? கோலடியில நீ நில், நான் போறன்’ எண்டு எனக்குப் பதிலாப் போனவர் இவர்.”