விரலில் ஒரு கீறல்

இதை முதலில் என்னிடம் சொன்னது என் மகளின் நாத்தனார். போன மழைக்காலத்தில், மகள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அவள் புருஷன் லீவில் வந்திருந்த சமயம் அது. கூடப் படித்த டைல்ஸ் கடைக்காரன் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். இரண்டே கதவு, வெள்ளைத் தோல் சீட். அதை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க நண்பர்கள் மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் ஒரு போட்டோகிராபர். அவனைப் பின்னால் திணித்துவிட்டார்கள்.

"இது சீட்டா, டிரங்குப் பெட்டியாடா? முழங்கால் வாய்க்குள்ள வருது."

"ஓசிச் சவாரிக்கு இவ்வளவு வாயா?" என்றான் கடைக்காரன்.

மலை ஏற ஆரம்பித்ததும் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. திருப்பத்துக்குத் திருப்பம் டயர் கத்தியது.

"மெதுவாப் போடா. எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல" என்றான் போட்டோகிராபர்.

"மெதுவாவா? இந்தா."

மிதித்தான். வண்டி எதிர்ப்பக்கத்துக்கே போய்த் திரும்பியது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே தாண்டிப் போனான். கடைக்காரன் சிரித்தான்.

கொஞ்ச தூரத்தில் அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துடா. வருது."

"டேய், சீட்டு, சீட்டு" என்று பதறி ஓரம் கட்டினான் கடைக்காரன்.

அவர் இறங்கிப் பாறைக்குப் பின்னால் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். வண்டி மறுபடி வேகம் எடுத்தது. மறுபடியும் அவர் வாயைப் பொத்தினார், மறுபடியும் நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னடா, மசக்கையா? எத்தனை மாசம்?"

"கொஞ்ச நேரம் நிப்போம்டா. காத்து வாங்கிட்டுப் போகலாம்."

கடைக்காரன் காத்திருக்கவில்லை, அவர் ஏறியதுமே கிளப்பிவிட்டான். மூன்றாவது தடவை அவர் இறங்கினபோது அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உன்னை வெச்சுக்கிட்டு ஊர்வலம்தான் போகணும். பின்னால பஸ் வரும், ஏறிக்கோ. மேல பார்க்கலாம்."

"இருடா, நானும் வரேன்."

கதவில் கை வைப்பதற்குள் கார் போய்விட்டது. அவர் அங்கேயே நின்று காது கொடுத்துக் கேட்டார். ஒரு வளைவில் டயர் கத்தியது. அடுத்ததிலும் கத்தியது. அதற்கடுத்து ஒரு நீளமான கத்தல். பிறகு ஒன்றும் இல்லை.

கடைக்காரன் அந்த இடத்திலேயே போய்விட்டான். போட்டோகிராபர் இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றார். வலது கை விரலில் ஒரு பிளாஸ்திரி. உடம்பில் வேறு காயம் இல்லை.

கடைக்காரனின் அம்மா எழுந்து வந்தார்.

"என் பிள்ளை வேகமாப் போனானா? நீயாவது உண்மையைச் சொல்லு."

"இல்லம்மா. மெதுவாத்தான் ஓட்டினான். பிரேக் பிடிக்கல போலிருக்கு. எனக்குத்தான் ஒத்துக்காம வாந்தி வந்து, நடுவுல இறங்கிட்டேன்."

அந்த அம்மா அவர் கையையே பார்த்தார்.

"என் பிள்ளையைத் துணியில சுத்திக் கொண்டு வந்து போட்டிருக்காங்க. உனக்கு விரல்ல ஒரு கீறல். மெதுவாப் போன வண்டியில உனக்கு என்னப்பா வாந்தி? கூடவே இருந்து, பார்த்துப் போடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூட்டாளியாம் கூட்டாளி" என்று என் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அன்றைக்கு மலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, நாத்தனார் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்ததும் அந்த பிளாஸ்திரியை நான்தான் மாத்தினேன் அத்தை. அது பாறை கிழிச்ச கீறல் இல்ல. விரல் முட்டி மேல வரிசையா பல்லுத் தடம். அவர் பல்லுதான்."

எனக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் விரலைத் தொண்டைக்குள்ள விட்டுத்தான் வாந்தி எடுத்திருக்கார். கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாக்கற மனுஷன் அத்தை. புயல்ல கப்பல் ஆடும்போதும் தட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுவார். அவருக்கா மலை ஒத்துக்காது?"

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா இன்னும் மிதிப்பானாம். சின்ன வயசுலேருந்தே அவன் குணம் அது. ஆனா சீட்டு பாழாகும்னா நிறுத்துவான். நிறுத்தி நிறுத்தி அவன் சூடு தணிஞ்சிடும்னு பார்த்தார். தன்னை விட்டுட்டுப் போவான்னு நினைக்கல."

இப்போதும் லீவில் வந்தால் அவர் அந்த வீட்டுக்குப் போகிறார். அந்த அம்மா கதவைத் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்.

"நடந்ததைச் சொல்லிட்டா என்னவாம்?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் அத்தை. 'சொன்னா அவங்க பிள்ளையைத்தான் திட்டணும். செத்த பிள்ளையை எப்படித் திட்டுவாங்க? என்னைத் திட்டறதுலதான் அவங்களுக்கு ஒரு வாய் சோறு இறங்குதுன்னா, திட்டிட்டுப் போகட்டும்'ங்கறார்."

கும்பிடும்போது அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன். எங்கேயாவது அந்த அம்மாவைப் பார்த்தால், நீங்களும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.