இரட்டை அச்சு

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவளுக்கு, சில்லறைக் காசுகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்க உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். அன்று மாலை வீட்டில் ஒரு காசில் வருட எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"காசு அடிக்கறப்ப அச்சு ஆடியிருக்கும்," என்றான் கணவன்.

"ஆடினா ரெண்டாவது எண் தட்டையா இருக்கும். இதுல ரெண்டுமே மேடா இருக்கு, நுனி பிளந்திருக்கு. அச்சே இரட்டை. அந்த அச்சுல வந்த எல்லாக் காசும் இப்படித்தான் இருக்கும். ஆடாம பிடிங்க, காட்டறேன்."

அவன் காசைப் பிடித்தான். கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தது. அவன் கட்டைவிரல் ரேகைகளும் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டுமே மேடாக, நுனி பிளந்து. அவள் தன் விரலைப் பார்த்தாள். ஒற்றை ரேகைதான்.

அவன் மெல்லக் கையை இழுத்துக்கொண்டான். அவளுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். அச்சு அசல் அப்பாவை உரித்து வைத்த மாதிரி என்று எல்லோரும் சொல்லும் பிள்ளை.

"கண்ணு, உன் வலது கையக் காட்டு."

மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த வலது கைம்மா?" என்று கேட்டாள்.