டேலியாவுக்கு இடமாற்றம்

ஓய்வு பெற்ற துணை மேலாளர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் டேலியாத் தொட்டியை மார்போடு அணைத்தபடி மாடிப்படி இறங்கினார். அவர் குடியிருப்பின் தோட்டச் சங்கத் தலைவர் என்பதால் இதைத் திருட்டு என்று சொல்லக் கூடாது. இடமாற்றம் என்று சொல்லலாம்.

கீழ்வீட்டுத் தையல்காரர் காலை நடைக்குப் போயிருந்தார். அவர் வாசலில் இன்னொரு டேலியா. இரண்டும் சங்கம் கொடுத்த ஒரே மாதிரித் தொட்டி. இரண்டு பூவுக்கும் தலைவர் உத்தரவுப்படி ஒரே மாதிரிக் காகித உறை.

"மலர்க்காட்சி அன்னிக்கு நடுவர்தான் உறையைப் பிரிக்கணும். அதுக்கு முன்னாடி வெயில் பட்டா நிறம் வெளுத்துடும்" என்று போன வாரம் எல்லோருக்கும் வகுப்பெடுத்து, அவரே நூலும் கட்டினார். கட்டும்போதே பார்த்துவிட்டார். தையல்காரரின் பூ சாப்பாட்டுத் தட்டு அளவு. தன்னுடையதில் ஒரு பக்கத்தைப் புழு தின்றிருந்தது. மறுபக்கம் மலரலாமா வேண்டாமா என்று யோசனையில் இருந்தது.

போன கோடையில் அவருக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு. அதன் பிறகு மூன்று மாதம் வீட்டில் யாரும் 'பூ' என்று வாய் திறக்கவில்லை. பூந்துடைப்பம்கூட வெறும் துடைப்பம்தான்.

தன் தொட்டியைக் கீழே வைத்தார். மண் ஈரமாகக் கையில் ஒட்டியது. இரண்டு நாளாகத் தண்ணீரே விடவில்லையே என்று தோன்றியது. கோடையிலும் பனி பெய்கிறது போலும் என்று முடிவெடுத்தார். பழைய அலுவலக வழக்கப்படி, எடுத்த முடிவை மறுபடி யோசிக்கவில்லை. தையல்காரரின் தொட்டியோடு மேலே வந்தார்.

மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த நீலச் சட்டையைப் போட்டுக்கோங்க. மேடையில எடுப்பா இருக்கும்."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"இந்தத் தடவை முதல் பரிசு உங்களுக்குத்தாங்க. எழுதி வேணா தரேன்."

உழைப்பை மதிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் என்று நெகிழ்ந்துபோனார்.

பத்து மணிக்கு மைதானத்தில் நடுவர் தையல்காரரின் உறையைப் பிரித்தார். கூட்டம் 'அடேயப்பா' என்றது. தட்டு அளவு டேலியா, ஓர் இதழ்கூட வாடாமல்.

"எல்லாம் தலைவர் சொல்லிக்கொடுத்ததுங்க" என்று குழைந்தார் தையல்காரர்.

அடுத்தது தலைவரின் உறை. பிரித்ததும், புழு தின்ற பக்கம் சரியாக நடுவரைப் பார்த்து நின்றது. நடுவர் ஆறுதலாகத் தலைவரின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

மனைவியின் முகம் வெளுத்திருந்தது. காதோரம் வந்தாள்.

"ஏங்க, காலைல தொட்டியை எங்கயாவது தூக்கிட்டுப் போனீங்களா?"

"மெதுவாப் பேசு. கீழ்வீட்டுத் தொட்டியோட மாத்தி வெச்சேன்."

"நேத்து சாயங்காலமே நான் மாத்திட்டேங்க."