வலிக்காமல் திருப்புவது

காலையில் எழுந்து பல் துலக்குகிறான். சவரம் செய்கிறான். டீ போட்டு நின்றபடியே குடிக்கிறான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். மனைவி நோயில் இறந்துபோன பிறகு கட்டட இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கச் சேர்ந்தவன். வார்டில் இன்றுதான் முதல் நாள். கட்டில் கம்பியில் வெயில் விழுந்திருக்கிறது. கால் வராமல் படுத்துவிட்ட பெரியவரை, முதுகில் புண் வராமலிருக்க ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வலிக்காமல் திருப்ப வேண்டும். அவனுக்கு அது மட்டும் வந்தால் போதும். "தம்பிக்கு முன்னாடி என்ன வேலை?" "வீடு கட்டுற வேலைங்க ஐயா." "அதான் பார்த்தேன். மெதுவாப்பா, நான் சிமெண்ட் மூட்டை இல்ல." கால்மாட்டில் நிற்கும் சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். "இன்ஜினியர், கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அவர் முழங்காலை மடக்குங்க. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல." அப்படியே செய்கிறான். கனத்த உடம்பு சத்தமில்லாமல் அவன் பக்கம் புரண்டு வருகிறது. முதுகுக்குத் தலையணை கொடுக்கிறான். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுகிறான். "வலிச்சுதா ஐயா?" "இல்லப்பா. நல்லாத்தான் திருப்புற." பெரியவரின் தோளிலிருந்து கையை எடுக்காமல் நிற்கிறான். தன் மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்ட மாமியாரிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக அவன் சொல்லிவைத்திருக்கிறான். உண்மையில், படுக்கையில் அவளைத் திருப்பத் தெரியாமல் அவள் அக்குளில் கைகொடுத்து அவன் இழுத்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது: "விடுங்க. உங்களுக்கு வராது. நர்ஸைக் கூப்பிடுங்க."