தொட்டிக்குப் பின்னால் ஒருவன்

"ஒரே ஒரு ஆள் விளையாடுற ஆட்டத்துக்கு மெனுவுல நிரந்தர இடமா?" என்றார் கணினித் துப்பாக்கி விளையாட்டு நிறுவனத்தின் தலைவர் தேவசகாயம்.

"கஷ்டமான ஆட்டம் சார். ஒரே உயிர்தான். செத்தவங்க திரும்ப நுழைய முடியாது. மத்த எல்லாரும் செத்தாச்சு, அந்த ஒருத்தன்தான் மிச்சம்" என்றாள் அந்த ஆட்டத்தை உருவாக்கிய ரஹ்மத்.

"அவனும் செத்தா தூக்கிடலாம்ல?"

"தாராளமா. நீங்களே போய்ச் சுடுங்களேன்."

தேவசகாயம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கணினி முன் அமர்ந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தொப்பி தெரிந்தது. அவர் குறிபார்ப்பதற்குள் திரை சிவந்துவிட்டது.

"இன்னொரு தடவை."

"முடியாது சார்."

"உன் பேர்ல போறேன்."

"நான் முதல் நாளே செத்துட்டேன்."

தேவசகாயம் நாற்காலியோடு அறைப் பக்கம் திரும்பினார்.

"இங்க யாருக்காவது உயிர் மிச்சம் இருக்கா?"