சொந்த டவுட்

“டவுட் அக்கா இன்னைக்கு லீவு போட்டா நல்லா இருக்கும்டி. நேரத்துக்காவது வீட்டுக்குப் போகலாம்.”

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டது, பின்னால் வந்த கணினி ஆசிரியையின் காதில் விழுந்தது. அதட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கும் அதே ஆசைதான்.

தொழிற்பயிற்சி நிலையத்தின் சாயங்கால வகுப்பு அது. கடைகளிலும் அலுவலகங்களிலும் பில் போடுகிற மென்பொருளைச் சொல்லித் தரவேண்டும். பாதிப் பாடம் முடிந்த சமயத்தில் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. பட்டன்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. தேர்வும் புதியதில்தானாம்.

வகுப்பு தொடங்கியதுமே நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“மேடம், போன வாரம் இந்தப் பக்கம் இருந்த மெனு எங்க போச்சு?”

“இப்பதானே சொன்னேன்?”

“சொன்னீங்க மேடம். இன்னொரு தடவை சொல்லுங்களேன்.”

பின்னால் சிரித்தார்கள். டவுட் அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் அவளுடைய அண்ணி, வழக்கம்போல, கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. பெயர் கூப்பிட்டால்கூடக் கை மட்டும்தான் எழும்.

கொஞ்ச நேரத்தில் டவுட் அக்காவின் கை மறுபடியும் உயர்ந்தது.

“மேடம், பழசுல சேவ் பண்ணா நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். இதுல சேவ் பண்ணா எங்க போய் உக்காரும்?”

ஆசிரியைக்குச் சுருக்கென்றது.

“சேவ் பண்றதெல்லாம் முதல் வாரப் பாடம். இங்க பாருங்க, போன சனிக்கிழமை இந்தப் புதுசுக்காக எங்களுக்கே ட்ரெயினிங் குடுத்தாங்க. ஹால் நிறைய வாத்தியாருங்க. ஒருத்தர் வாயைத் திறக்கல. ஒழுங்கா கவனிச்சா டவுட்டே வராது.”

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை நேராக முதல்வர் அறைக்குப் போனாள்.

“அந்த அம்மாவைக் காலை பேட்ச்சுக்கு மாத்திடலாம் சார். இல்லன்னா நான் பாடத்தை முடிச்ச மாதிரிதான்.”

“தாராளமா மாத்துங்க. நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க.”

மறுநாள் காலை ஆசிரியை தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பில் கவுன்ட்டரில் நல்ல கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே, மவுஸைத் தொடாமல், விறுவிறுவென்று பில்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் அதே புதுப் பதிப்பு.

டவுட் அக்கா.

“வாங்க மேடம். அப்பாவா?” மாட்டிக்கொண்டவளாகச் சிரித்தாள்.

“இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என் உயிரை எடுத்தீங்க?”

“எனக்கு இல்ல மேடம், எங்க அண்ணிக்கு. அண்ணனுக்கு வேலை போயிடுச்சு. இங்க ஒரு இடம் காலியாகுது. உங்க சர்ட்டிபிகேட் இருந்தா அண்ணியை எடுத்துக்குவாங்க. ஆனா நாலு பேர் முன்னாடி அவங்களுக்குப் பேச்சே வராது. அதான் துணைக்கு நானும் சேர்ந்தேன். புரியலைன்னா என் காலை மிதிப்பாங்க, நான் கை தூக்குவேன். கட்டைவிரல் தட்டையாவே போயிடுச்சு.”

“வீட்டுலயே நீங்க சொல்லித் தரலாமே?”

“நாத்தனார் சொல்லிக் குடுத்தா எந்த அண்ணி மேடம் கேப்பாங்க?”

அப்பா சிரித்துவிட்டார்.

“அப்புறம் ஒண்ணு மேடம். அண்ணிக்கு மட்டும்தான் புரியலைன்னு நினைக்காதீங்க. நான் கேட்டா பின்னாடி சிரிக்கிறாங்களே, நீங்க பதில் சொல்ல ஆரம்பிச்சதும் முதல்ல பேனாவைத் திறக்கிறதும் அவங்கதான்.”

வரிசையில் பின்னால் நின்றவர் கனைத்தார். ஆசிரியை நகரவில்லை.

“அப்ப, சேவ் பண்ணா எங்க போகும்னு கேட்டதும் அண்ணிதானா?”

“அது மட்டும் என் சொந்த டவுட். தினமும் இத்தனை பில் போடுறேன். யாரைக் கேட்டாலும் ‘மேல போயிடும்’னு கையைக் காட்டுறாங்க. மேலன்னா எங்க, மொட்டை மாடியிலயா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் கேட்டேன்.”

ஆசிரியை பில்லை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பேட்ச் மாற்றும் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஆசிரியர்களுக்கு இரண்டாவது ட்ரெயினிங். பயிற்சி தர வந்தவர் மடமடவென்று திரைகளைத் தள்ளிக்கொண்டே போனார்.

“சேவ் குடுத்தீங்கன்னா ஃபைல் மேல போயிடும். எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

ஹால் முழுக்கத் தலைகள் ஆடின. பக்கத்தில் இருந்த ஆசிரியர் இன்னும் முதல் திரையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் தலையும் ஆடியது.

ஆசிரியை கையை உயர்த்தினாள்.

“எனக்குப் புரியல சார். மேல போயிடும்னா, சரியா எங்க போய் உக்காரும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கையை இறக்கவில்லை.

வந்தவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து ஆசிரியர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.