கறுப்பு ரீல்

தூண்டில் கடையின் மேசைமேல், ஒரு கணவன் மனைவிக்கு முன்னால், தூண்டில் நரம்பைச் சுற்றும் இரண்டு ரீல்கள் இருக்கின்றன. மலிவானது சாம்பல் நிறம். விலை கூடியது கறுப்பு. மதியம்தான், ஆனாலும் கடலிலிருந்து வந்த பனிமூட்டம் கதவுக் கண்ணாடியை அடைத்து நிற்கிறது. கடைக்காரர் சாம்பல் ரீலின் கைப்பிடியைச் சுற்றுகிறார். உள்ளே பல்சக்கரங்கள் கரகரக்கின்றன. "உப்புத்தண்ணிக்கு ஒரு வருஷம் தாங்கும், அவ்வளவுதான். இதைப் பாருங்க." கறுப்பைச் சுற்றுகிறார். ஒன்றுமே கேட்கவில்லை. கணவன் அதைக் கையில் வாங்கி மறுபடி மறுபடி சுற்றுகிறான். "வெண்ணெய் மாதிரி ஓடுது." மனைவி சாம்பல் ரீலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "இதுவே போதும்." "நம்ம பழசும் இதேதானே. காது கிழியுதுன்னு நீதான் திட்டுவ," என்கிறான். "திட்டுவேன்தான்," என்றவள் கடைக்காரரைப் பார்க்கிறாள். "இவர் பாறைக்கு அந்தப் பக்கம் போய் நிப்பாரு. நான் கார்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னிட்டிருப்பேன். பனி இறங்கிட்டா ஆளே தெரியாது. அந்தக் கரகரப்பு கேட்டாத்தான் எனக்கு ஊசி ஓடும்." சிரிக்கப் போன கடைக்காரர் அப்படியே நிறுத்திக்கொள்கிறார். கணவன் மட்டும் சிரிக்கிறான். "இதுவும் கேக்கும், நீ வேற," என்று கறுப்பு ரீலோடு கதவைத் திறந்து வெளியே நாலடி வைக்கிறான். பனியில் முதுகு வெளுத்து, பிறகு இல்லாமல் போகிறது. "சுத்துறேன், கேக்குதா பாரு," என்று குரல் மட்டும் வருகிறது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். கடைக்காரரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். ரீல் சுற்றும் சத்தம் வரவில்லை. கதவு தானாக மெல்ல மூடிக்கொள்கிறது. அவள் சாம்பல் ரீலை எடுத்துச் சுற்றத் தொடங்குகிறாள், கரகரவென்று, நிறுத்தாமல், கதவையே பார்த்தபடி.